சந்தனம் அடைத்த பூட்டு

நம் வயதுக்காரர்கள் பொழுதுபோக்கு என்று சொல்வதெல்லாம் இப்போது மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைப்பதுதான். நான் இன்னும் பூட்டுத் திறக்கிறேன், சாவி இல்லாமல். இதைக் கேட்டதும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்ளும் சிநேகிதிகள் எனக்கு உண்டு. பரவாயில்லை, இழுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பெற்ற அப்பாவே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கண்டியில் கட்டுக்கலைப் பக்கம், மேட்டில் ஏறும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா டவுனில் ஓர் இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்றார். அம்மா வீட்டில். என்னைவிடப் பல வயது மூத்த அக்கா ஒரு துணிக்கடையில் சீத்தைத் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் என் வகுப்புக் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அவளுடைய உம்மா தையல் மெஷின் மிதிக்கும் சத்தம் எங்கள் வீட்டுச் சத்தம் மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. சீனிக்குக் கூப்பன், பாண் ரொட்டிக்கு வரிசை. ஒரு நல்ல பூட்டு வேண்டுமென்றால்கூட யாரிடமாவது சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் சாவி தொலைந்த பூட்டையும் யாரும் வீசுவதில்லை. கடையில் சேர்ந்த அப்படிப்பட்ட அநாதைப் பூட்டுகள் இரண்டு எங்கள் வீட்டு அடுப்படிப் பலகையில் கிடந்தன. ‘எப்பவாவது சாவி பொருந்தும்’ என்பது அப்பாவின் நம்பிக்கை.

ஒரு நாள் அப்பா அறுத்த பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டுக் கதவோடு போராடி, கடைசியில் இரும்பு அறுக்கும் வாளால் அறுத்த பூட்டு. ஓரமாக அறுத்திருந்தபடியால் உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே தெரிந்தது. சாவி போகும் துவாரத்துக்கு மேலே வரிசையாக ஐந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் அரிசி அளவில் ஒரு பித்தளை ஊசி, அதன் தலையில் இன்னோர் ஊசி, அதற்கும் மேலே ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பற்கள் இந்த ஐந்தையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் நடுவிலுள்ள உருளை திரும்பும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திரும்பாது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பள்ளிக்கூட வீட்டுவேலையை மறந்துவிட்டேன்.

யோசனை என்னுடையதல்ல, கூட்டாளியுடையது.

“சாவி அஞ்சையும் ஒரேடியா தூக்குது. நாங்க ஒண்ணொண்ணா தூக்கினா ஏலாதா?” என்றாள்.

கண்டி மழையில் குடைக்கும் குறைவில்லை, உடைந்த குடைக்கும் குறைவில்லை. குடைக் கம்பி ஒன்றை முறித்து, அடுப்படிக் கருங்கல் படியில் தேய்த்துத் தட்டையாக்கி, நுனியை மட்டும் மேல்நோக்கி வளைத்தோம். மூன்று நாள் தேய்த்தோம். விரல் தோல் உரிந்தது. அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றை வளைத்து இன்னொரு கருவி செய்தோம். கொண்டை ஊசி பூட்டைத் திருப்பிப் பிடிக்க, கம்பி ஊசிகளைத் தூக்க. எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுத்த பூட்டைப் பார்ப்பதும் அறுக்காத பூட்டில் முயல்வதுமாக நாங்களாகவே பிடித்துக்கொண்டோம்.

சூட்சுமம் முழுக்கக் கொண்டை ஊசியில் இருக்கிறது. வெற்றிலைக் காம்பு கிள்ளும் அளவுக்குத்தான் அதை அழுத்த வேண்டும். அப்படி அழுத்தியபடி கம்பியால் ஒவ்வோர் ஊசியாகத் தடவினால் நான்கு ஊசிகள் துள்ளும், ஒன்று மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றைத்தான் முதலில் தூக்க வேண்டும். சரியான உயரம் வந்ததும் விரல் நுனியில் ஒரு சின்ன ‘டக்’. காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். அந்த ஊசி உட்கார்ந்ததும் அடுத்தது ஒன்று விறைக்கும். கை கொஞ்சம் தளர்ந்தால் உட்கார்ந்ததெல்லாம் விழுந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. கண்ணை மூடினால்தான் விரலுக்குப் புத்தி வரும் என்று கண்டுபிடித்து, இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே திறந்தோம்.

முதல் பூட்டுக்குப் பன்னிரண்டு நாளாயிற்று. வளையம் துள்ளி எழும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை, அதைத் திரும்பப் பூட்டியதுதான். பிறகு போட்டி. அவள் திறந்தால் நான் எண்ணுவேன், நான் திறந்தால் அவள் எண்ணுவாள். “மூணு ஒக்காந்திட்டு, நாலு ஒக்காந்திட்டு” என்று தணிந்த குரலில் அவள் சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த விளையாட்டும் விளையாடியதில்லை.

இரண்டு பூட்டும் பழகிப்போனதும் வீட்டில் வேறு பூட்டு எதுவென்று கண் தேடியது. அடுப்படி அலுமாரியில் ஒன்று தொங்கியது. அதற்குள்ளே கூப்பன் சீனி, பால்மா, பருப்பு. சாவி அம்மாவின் முந்தானையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பூட்டைத் திறந்த நேரம், அப்பா பின்னால் நின்றிருக்கிறார். கண்ணை மூடித் திறப்பதில் அப்படியொரு வில்லங்கம்.

“சீனி எங்க போகுதுன்னு இப்பத்தான் வெளங்குது” என்றார்.

“நான் சீனி எடுக்கலப்பா. தொறந்து பாத்தேன், அவ்வளவுதான்.”

“எடுக்க ஒண்ணுமில்லாம யாராவது பூட்டத் தொறப்பாங்களா?”

சீனி டப்பாவில் மட்டம் குறைந்துகொண்டே வந்தது உண்மை. அதை அப்பா பல நாளாகக் கவனித்திருந்ததும் உண்மை. அவர் அடிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் ஒரு துண்டு சூடம் கொளுத்தி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். “இனிமே பூட்டத் தொட மாட்டேன்” என்று சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன்.

“சத்தியத்த மீறினா கண்ணு போயிரும், ஞாபகம் வச்சுக்க” என்றார் அப்பா. நான் அதை நூற்றுக்கு நூறு நம்பினேன்.

அம்மா அகப்பையும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷத்துக்குப் பிறகு, டாக்டர் சொல்படி சீனியில்லாத தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் சொன்னாள்: “அந்தச் சீனிய நான்தான் சாப்புட்டேன் புள்ள. எல்லாரும் வெளிய போனதும் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி.”

“ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“சொன்னா சாவிய வாங்கிக்கிருவாரே.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தோம். சாவி வைத்திருப்பவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

சத்தியத்துக்குப் பிறகு மூன்று மாதம் நான் பூட்டுப் பக்கம் போகவில்லை. அப்பா என் கொண்டை ஊசியையும் கம்பியையும் குப்பையில் போட்டுவிட்டார். கையெல்லாம் அரித்தது. கம்பி செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லையே என்று ஒரு நாள் தோன்றியது. புதிதாக ஒன்று தேய்த்து, வளைத்த கொண்டை ஊசியோடு சேர்த்துப் பூமிசாஸ்திரப் புத்தகத்தின் முதுகுக்குள் செருகி வைத்தேன். அங்கே இருக்கிறது என்று நினைத்தாலே ஒரு நிம்மதி.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புத்தகம், அப்பாவின் சுத்தியல், குறடு, அம்மாவின் அரிவாள்மனை, சாவிக் கொத்து என்று எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் காலை, விஜயதசமிப் பூசை முடியும்வரை எதையும் எடுக்கக்கூடாது. என் பூமிசாஸ்திரப் புத்தகமும் அடுக்கில் இருந்தது.

முந்தைய நாள்தான் அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது. ஆசிரியை வேலைக்கு நேர்முகப் பரீட்சை, கம்பளையில், விஜயதசமி அன்று காலை. மூலப் பத்திரங்கள் எல்லாம் கொண்டுவர வேண்டும். இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களுக்கு அதில் பெரிய பத்திரம் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம். அது கைக்கு வரும்வரை அக்கா எந்த அரசாங்க வேலைக்கும் விண்ணப்பம் போட முடியாமல்தான் மூன்று வருஷம் சீத்தை கிழித்தாள். இப்போது வேறொரு நெருக்கடி: அந்த வருஷத்தோடு அவளுடைய வயதெல்லை முடிகிறது. இந்த முறை போகாவிட்டால் பிறகு எந்த முறையும் கிடையாது.

பத்திரங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. வீட்டிலேயே பெரிய பூட்டு அதற்குத்தான். “இப்பவே எடுத்து வச்சிருவோமா?” என்று அக்கா கேட்டாள். “இருக்கட்டும். பெட்டியோட சாமி முன்னால இருந்துட்டு, காலைல பூசை முடிஞ்ச கையோட எடுத்துட்டுப் போனா நல்லது” என்றார் அப்பா.

அந்த வருஷம் சந்தனத்தை அவரே கல்லில் உரைத்தார். குழைத்துக் குழைத்து, கிண்ணம் நிறைய. மற்றச் சாமான்களுக்கெல்லாம் ஒரு பொட்டுத்தான். பெட்டியின் பூட்டுக்கு முன்னால் மட்டும் மண்டி போட்டு, மூன்று விரலால் வழித்துப் பூசி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். சாவித் துவாரம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் குளித்து, சூடம் காட்டி, அப்பா சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தார். பாதிக்குமேல் போகவில்லை. இரவோடு இரவாகச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து கட்டியாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டார், அது மேலே நின்றது. குறடால் பிடித்துத் திருகினார். சாவி வளைந்தது. வெளியே எடுத்து நிமிர்த்தப் பார்த்தார், கையிலேயே இரண்டாக முறிந்தது. அதற்கு மாற்றுச் சாவி கிடையாது.

சுத்தியலால் இரண்டு அடி அடித்தார். பெட்டி மூடி நெளிந்ததே தவிரப் பூட்டு அசையவில்லை.

“விஜயதசமியும் அதுவுமா ஒடைக்காதீங்க” என்று அம்மா கையைப் பிடித்தாள்.

இரும்பு அறுக்கும் வாள் கடையில் இருக்கிறது. ஆனால் கடையின் வாளும் சாமி முன்னால்தான் இருக்கிறது. முதலாளி நல்ல நேரம் பார்த்துப் பத்து மணிக்குத்தான் வந்து திறப்பார். என் கூட்டாளியைக் கூப்பிடலாமென்றால் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் முதல் நாளே கலகெதரவுக்குப் போயிருந்தார்கள். கம்பளை பஸ் ஏழரைக்கு. சுவர்க் கடிகாரம் ஆறரை தாண்டியிருந்தது.

அக்கா தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “பரவாயில்லப்பா. துணிக்கடை இருக்குதானே” என்றாள். அப்பாவின் முகத்தை நான் அப்படி ஒரு நாளும் கண்டதில்லை. முறிந்த சாவியை இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டாக வைத்துக்கொண்டு நின்றார்.

“சின்னவளத் தொறக்கச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “அவ சத்தியம் பண்ணியிருக்கா. புள்ளகிட்ட அப்பிடிக் கேக்கக் கூடாது.”

அந்த நிமிஷம் நான் ஒரு கணக்குப் போட்டேன். பதினொரு வயதின் கணக்கு. கண் போனால் என்னென்ன போகும்? புத்தகம் வாசிக்க முடியாது. அக்கா வாசித்துக் காட்டுவாள், டீச்சர்தானே. பெரஹெரா ஊர்வலத்தில் யானை பார்க்க முடியாது, மேளம் கேட்கும். பூட்டுத் திறப்பதற்குக் கண்ணே வேண்டாம். மொத்தத்தில் சமாளித்துவிடலாம் என்று பட்டது. பயம் இல்லாமலில்லை. ஆனால் அக்கா திரும்பவும் துணிக்கடைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாமி முன்னால் போய்ப் பூமிசாஸ்திரப் புத்தகத்தை உருவி, அதன் முதுகிலிருந்து கம்பியையும் கொண்டை ஊசியையும் எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சுடுதண்ணி வேணும்மா, ஒரு கரண்டியும்” என்றேன்.

சந்தனம் எண்ணெய்க்குக் கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அம்மா கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட, அக்கா பூட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் கம்பியால் கிளறினேன். சிவப்பும் மஞ்சளுமாக வழிந்தது. நாலைந்து தடவை கழுவியதும் தண்ணீர் தெளிவாக வந்தது. பிறகு ஒரு துளி எண்ணெய். அதுவரைக்கும் பூட்டைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டேன். இனித் தொட வேண்டும். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். அம்மா, அக்கா, அப்பா, சாமி படம், கடிகாரம். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறோம் என்ற நினைப்போடு பார்த்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

பெரிய பூட்டு, ஸ்பிரிங்குகள் விறைப்பானவை. முதலில் விறைத்தது நான்காவது ஊசி. தூக்கினேன், உட்கார்ந்தது. அடுத்து முதலாவது. மூன்றாவதில் இன்னும் குங்குமம் நறநறத்தது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தப் போய், கை வழுக்கி, எல்லாம் விழுந்தது. அக்கா மூச்சு விடுவது கேட்டது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். நான்கு. ஒன்று. மூன்றாவதை மெல்ல மெல்ல ஆட்டி ஆட்டித் தூக்கினேன், உட்கார்ந்தது. இரண்டு. ஐந்தாவது எங்கேயோ ஆழத்தில் இருந்தது. கம்பியின் நுனி அதைத் தொட்டதும் கொண்டை ஊசி தானாகவே திரும்பியது. வளையம் துள்ளி அக்காவின் கையில் மோதியது.

பெட்டி மூடி கிறீச்சிட்டது. காகிதம் சரசரத்தது. அக்கா என் தலையில் முத்தம் வைத்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. “வாடி, பஸ் போயிரும்” என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம். செருப்புகள் படியில் இறங்கி, சந்தின் கீழே போய் ஓய்ந்தன.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

“அதான் தொறந்துட்டியே. ஏன் கண்ண மூடிக்கிட்டே இருக்க?” என்றார் அப்பா.

“தொறந்து, தெரியாம இருந்தா?”

“என்னா தெரியாம இருந்தா?”

“கண்ணு போயிரும்னு சொன்னீங்கதானே.”

அவர் பக்கத்தில் உட்காருவது தெரிந்தது. என் இரண்டு கண்ணின் மேலும் அவருடைய உள்ளங்கை வந்து மூடியது. இரும்பும் சந்தனமும் கலந்த வாசம்.

“அந்தச் சத்தியத்த வாங்கினது நான்தான். இப்ப நானே திருப்பி எடுத்துக்கிட்டேன்” என்றார். “தொற.”

கையை எடுத்தார். திறந்தேன். மிக அருகில் அப்பாவின் மூக்கு தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு மச்சம், பிறகு முழு முகமும். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காட்சி ஒன்றை நான் கண்டதில்லை. பெரஹெராவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, ஓய்வு பெறும்வரை அவள் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தாள். அலுமாரியில் சீனி குறைவது நிற்கவில்லை. அப்பா அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவை அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நானும் அப்பாவும் திறந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவர் கடைப் பூசைக்குப் போக வேண்டும். அப்பா பூட்டைக் கையில் எடுத்து, வளையத்தை அழுத்திப் பூட்டி, என்னிடம் நீட்டினார்.

“இன்னொரு தடவ.”

திறந்தேன். வாங்கிப் பூட்டி மறுபடியும் நீட்டினார். மூன்றாவது தடவை திறந்ததும் கம்பியை என் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். இருபது வருஷமாகப் பூட்டு விற்றவர், அதை எந்தப் பக்கமாகப் பிடிப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டை ஊசியை அழுத்தும் பலத்தை அவர் கைமேல் என் கையை வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வெயில் படியேறி உள்ளே வந்துவிட்டது. “கடைக்கு நேரமாகுதேப்பா” என்றேன்.

“பேசாம இரு,” என்றார் அப்பா, “ரெண்டாவது ஒக்காருது.”